மரணப் பள்ளத்தாக்கின் வழியே

இம்முறை உங்களை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற்கு அழைத்துச் செல்கிறேன். கம்பளிச் சட்டை ஒன்றை மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள். போகப் போவது பாலைவனந்தான். ஆனால் டிசம்பர் மாதத்து இரவில் அங்கே 4 டிகிரி வரை குளிர் இறங்கும். பகலில் 18 அல்லது 20 டிகிரி. காரில் சுற்ற அதுவே தக்க காலம். கோடையில் போனால் என்ன என்று கேட்பீர்கள். 1913 ஜூலை 10-ஆம் நாள் அங்கே பதிவான வெப்பம் 56.7 டிகிரி! உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான வெப்பம் அதுதான்.

லாஸ் வேகாஸ் நகரிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது டெத் வேலி தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடிகளை நினைத்துவிடாதீர்கள். சிலாங்கூர் மாநிலத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட பரப்பில் பாறையும் மணலும் உப்பும்தான். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 2 அங்குலம். நம் தைப்பிங்கில் அது ஒரு மாலை நேரத்து மழை! எண்ணெய் நிலையங்கள் இரண்டு மூன்றுதான், விலையும் கூடுதல். ஆகவே வெளியிலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டு, குடிதண்ணீரும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது.

1849-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், தங்கம் தேடிப் புறப்பட்ட கூட்டமொன்று குறுக்கு வழி என்று நம்பி இங்கே வந்து சிக்கிக்கொண்டது. வண்டிகளைக் கொளுத்தி, மாடுகளை அறுத்துத் தின்று தப்பினார்கள். இந்தப் பெயர் அவர்களால் வந்ததே.

சாலை முதலில் சாப்ரிஸ்கி முனைக்கு ஏறுகிறது. காலை வெயிலில் மஞ்சள் மேடுகள் மடிப்பு மடிப்பாய், உதறிப்போட்ட சேலை போலக் கிடக்கும். அங்கிருந்து இறங்கினால் பேட்வாட்டர் என்னும் உப்பு வெளி. கடல் மட்டத்திற்கு 86 மீட்டர் கீழே நிற்கிறோம். அண்ணாந்து பார்த்தால், பாறைச் சுவரின் உயரத்தில் கடல் மட்டம் எது என்று காட்டும் பலகை தெரியும். ஓடிவரும் நீருக்கு இங்கிருந்து வெளியேற வழியில்லை. நீர் ஆவியாகிறது; உப்பு தங்கிவிடுகிறது.

ஆனால் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்பும் இடம் வேறு. ஃபர்னஸ் கிரீக் குடியிருப்புக்கு அருகில், சாலையோரம், இடிந்த மண்சுவர்களும் துருப்பிடித்த கொதிகலனும் ஒரு பழைய வண்டியும் நிற்கும். பலர் படம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள். 1883 முதல் 1888 வரை நடந்த ஹார்மனி வெங்காரத் தொழிற்சாலை இது. வெங்காரம் தெரியுமல்லவா? நகை பற்றவைக்க ஆசாரி வைத்திருப்பாரே, அதேதான்.

உப்பு வெளியில் பஞ்சு உருண்டைகளைப் போல வெங்காரக் கனிமம் முளைத்துக் கிடந்தது. அதைச் சுரண்டிக் கூட்டிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை. நாள் கூலி 1 டாலர் 30 காசு. அதிலும் தங்கும் இடத்துக்கும், கம்பெனிக் கடையில் வாங்கிய சாப்பாட்டுச் சாமான்களுக்கும் பிடித்தம் உண்டு. கடைப் பற்று போகச் சம்பளம் வாங்கிய நம் பாட்டன்மாருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இன்னொன்று: 1882-இல்தான் சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டிற்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. வந்துவிட்டவர்களின் உழைப்பு மட்டும் வேண்டியிருந்தது.

கோடையில் வேலையை உயரமான வேறிடத்திற்கு மாற்றினார்கள். இரக்கத்தால் அன்று, அந்த வெயிலில் தொட்டி நீர் ஆறாது, ஆறாவிட்டால் வெங்காரம் உறையாது.

சரக்கை 265 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரயிலடிக்கு இழுத்தவை 18 கோவேறு கழுதைகளும் 2 குதிரைகளும். ஒரு வழிக்குப் பத்து நாள். அந்த "இருபது கழுதை அணி"யின் பெயரில் வெங்காரம் இன்றும் பெட்டியில் விற்பனையாகிறது. முதலாளி கோல்மனின் பெயர் கோல்மனைட் என்ற கனிமத்திற்குக் கிடைத்தது. சற்று முன் பார்த்த சாப்ரிஸ்கி முனையும் பிற்காலத்து வெங்காரக் கம்பெனி அதிகாரி ஒருவரின் பெயரே. உப்பு வெளியில் குனிந்தவனின் பெயரை எந்தப் பலகையில் போய்த் தேடுவது?

இத்தனைக்கும் முன்பே இங்கு வாழ்ந்தவர்கள் டிம்பிஷா ஷொஷோனி மக்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு, கோடையில் மலை என்று அறிந்து வாழ்ந்தவர்கள். 1933-இல் அரசு இதைத் தேசியச் சின்னமாக்கியபோது அவர்களுக்கென்று ஒரு துண்டு நிலமும் ஒதுக்கவில்லை. விடாமல் போராடி, 2000-ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் 7,754 ஏக்கர் பெற்றார்கள். அதில் 314 ஏக்கர் ஃபர்னஸ் கிரீக்கிலேயே உள்ளது. அவர்களின் வீடுகள் அங்கே இருக்கின்றன. மரணப் பள்ளத்தாக்கு என்ற பெயர் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. டிம்பிஷா என்றால் அவர்கள் மொழியில் முகத்தில் பூசும் செங்காவி. அது இந்த மண்ணிலேயே கிடைக்கிறது.