கல்லூரிப் பணியாளர்களுக்குப் பழங்குடி மாணவரின் வாழ்வியல் குறித்த கட்டாயப் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்:
நீலகிரி மாவட்டப் பழங்குடி மாணவர் பெற்றோர் சங்கத்தினர், உதகமண்டலம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளின் ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள் அனைவருக்கும் பண்பாட்டுப் புரிதல் பயிற்சி – கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்றவர்கள் என அரசு வகைப்படுத்தியுள்ள தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடியினரும் எங்கள் மாவட்டத்தில் வாழ்கின்றனர். எங்கள் பிள்ளைகளுக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு, கல்வி உதவித்தொகை உண்டு. ஆனால் கிடைத்த இடத்தில் மூன்றாண்டு நிலைத்துப் படிப்பதற்கு இடமும் பணமும் மட்டும் போதவில்லை. கல்லூரியில் இவர்களைத் தடுமாற வைப்பது பெரும்பாலும் யாருடைய வன்மமும் அன்று. இவர்களை அறியாமல் வகுக்கப்பட்ட நடைமுறையும், அதை அப்படியே நடத்திச் செல்லும் பணியாளரின் அறியாமையுமே.

வருகைப்பதிவை எடுத்துக்கொள்வோம். பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் மருத்துவச் சான்று தந்து, கட்டணமும் செலுத்தி ஈடுகட்டலாம் என்பதே பரவலான நடைமுறை. கோத்தர்களின் கம்பட்டராயர் திருவிழா மார்கழி, தை மாதங்களையொட்டிப் பல நாள் நடப்பது. ஊரே அதில் நிற்கும். தோடர்களின் இறப்புச் சடங்கும் மந்து எனப்படும் மற்ற தோடர் ஊர்களிலிருந்து உறவினர் வந்துசேர்ந்து நடத்துவது. ஒரு பிற்பகலில் முடிவதில்லை. துறைத் தலைவருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தாலும் விடுப்புக் கணக்கில் இதற்கு இடமில்லை. ஆகவே நல்ல உடல்நிலையோடு இருக்கும் மாணவர் காய்ச்சல் என்று சான்று வாங்கிவருகிறார். உண்மையைச் சொன்னவரோ பருவத்தை இழக்கிறார். இதைவிட மோசமான பாடத்தை ஒரு கல்லூரி கற்பிக்க முடியாது. மொழியும் அப்படித்தான். பந்தலூர்ப் பக்கத்துப் பணியர் பிள்ளை வீட்டில் பேசுவது பணிய மொழி; தமிழ்வழி வகுப்பும் அவருக்குத் தாய்மொழி வகுப்பு அன்று. பதில் சொல்லத் தயங்குவதைப் பார்த்து, படிப்பு ஏறாதவர் என்று முதல் மாதத்திலேயே முடிவுகட்டிவிடுகிறார்கள். வகுப்பு நடுவே அலுவலக உதவியாளர் வந்து, "எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திருங்க" என்று கூப்பிடுவதை யாரும் தவறாக நினைப்பதும் இல்லை. உதவித்தொகைச் செய்தியை மாணவரைத் தனியே அழைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று, 2024இல் அறிக்கை அளித்த நீதிபதி சந்துரு குழு பள்ளிகளுக்குப் பரிந்துரைத்தது. கல்லூரி மாணவருக்கு மட்டும் கூச்சம் இருக்காதா?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகளே சமவாய்ப்புப் பிரிவையும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரையும் ஏற்படுத்தச் சொல்லிவிட்டனவே, புதிதாக எதற்குப் பயிற்சி என்று கேட்கப்படலாம். அவை புகார் வந்த பிறகு விழிக்கும் ஏற்பாடுகள். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றைப் புகாராக எழுத முடியாது. ஆசிரியர்களுக்குப் புத்தாக்கப் பயிற்சிகள் இருக்கின்றன என்பதும் பாதி விடைதான். பதவி உயர்வுக்குக் கணக்கில் வருவதால் நிரந்தர ஆசிரியர்கள் அவற்றுக்குப் போகிறார்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்புச் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் கௌரவ விரிவுரையாளருக்குப் பதவி உயர்வே கிடையாது. மாணவர் கல்லூரியில் முதலில் சந்திக்கும் சேர்க்கைப் பிரிவு எழுத்தருக்கோ அந்தப் பயிற்சி எட்டுவதே இல்லை. பழங்குடியினர் இனச்சான்றை வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர் விசாரித்து வழங்குவதால் காலம் பிடிக்கும் என்பதை அந்த எழுத்தர் அறிந்திருந்தால், மலையிலிருந்து வந்தவரை வீண் அலைச்சலுக்கு விடமாட்டார்.

விதி எல்லோருக்கும் ஒன்றுதான், சிலருக்காக வளைத்தால் மற்றவர் முறையிடுவர் என்பது வலுவான மறுப்பு. நாங்கள் கேட்பது வருகை விழுக்காட்டைக் குறைப்பதை அன்று. நோய்க்குக் காட்டும் அதே கனிவை, ஊர்த் தலைவரின் கடிதத்தோடு வரும் சடங்கு விடுப்புக்கும் காட்டுவதைத்தான். சமூக வழக்கங்களைப் பேசினால் மாணவர் மேல் முத்திரை விழும் என்னும் அச்சத்தில் உண்மை உண்டு. ஆண்டுக்கு ஒருநாள் பழங்குடி நடனம் ஆடவைத்து மேடையை நிறைக்கும் விழாக்கள் அதைத்தான் செய்கின்றன. பயிற்சி மாணவரைக் காட்சிப்பொருளாக்காமல், பணியாளரின் அன்றாட வேலையைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

ஆகவே, முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தையும் அந்தந்தச் சமூகத்துப் பட்டதாரிகளையும் கொண்டு பாடத்திட்டம் வகுத்து, கௌரவ விரிவுரையாளர், எழுத்தர், விடுதிக் காப்பாளர் உட்பட அனைவருக்கும் கல்வியாண்டு தொடங்கும் முன் ஊதியத்தோடு கூடிய பயிற்சி அளிக்கவும், சடங்கு விடுப்பை வருகைத் தளர்வுக்குரிய காரணங்களில் சேர்க்கப் பல்கலைக்கழகங்களுக்கு அறிவுறுத்தவும், உதவித்தொகைச் செய்திகளை வகுப்பில் அறிவிப்பதை நிறுத்தச் சுற்றறிக்கை அனுப்பவும் வேண்டுகிறோம். மூன்றாவது கோரிக்கைக்குச் செலவே இல்லை. அதை இந்தப் பருவத்திலேயே நிறைவேற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்