அரை நாள் வேலை: லாபம் யாருக்கு?

“வீட்டு வேலை கெடாது. நாலு மணி நேரம் உட்கார்ந்து வயர் கட்டினால் போதும், கைச் செலவுக்குப் பணம் கிடைக்கும்.” பகுதி நேர வேலைக்குப் பெண்களை அழைக்கிறவர்கள் சொல்லும் ஆசை வார்த்தை இது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தை உள்ள தாய்க்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்க்க வேண்டிய மருமகளுக்கும் அரை நாள் வேலை அவசியமாக இருக்கலாம். அதை நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. அரை நாள் வேலைக்கு அரை நாள் உரிமையாவது உண்டா? மீதி அரை நாள் யாருடையது? அவளுடையதா, அல்லது முதலாளி கூப்பிடுவானோ என்று காத்துக்கிடக்கும் நேரமா?

முதலில் இந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். எலெக்ட்ரானிக்ஸ் தொழில் என்றால் எல்லாவற்றையும் இயந்திரமே செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வயரை அளந்து வெட்டுவது, முனையில் உறையைச் சீவுவது, உலோக முனையை வைத்து நெரிப்பது, அதை பிளாஸ்டிக் கூட்டில் சரியான துளையில் செருகுவது, ஆணி அடித்த பலகையின் மேல் கிளை கிளையாகப் பரப்பி டேப் சுற்றுவது, கடைசியில் மின்சாரம் ஓடுகிறதா என்று சோதிப்பது - இவற்றில் பெரும் பகுதி இன்றும் கை வேலைதான். ஒரே மாதிரியில் லட்சக்கணக்கான சாமான் வேண்டுமென்றால் இயந்திரம் வைப்பது கட்டுப்படியாகும். ஐம்பது, இருநூறு என்று வரும் சின்ன ஆர்டருக்கு யார் இயந்திரம் பூட்டுவார்கள்? அங்கே பெண்களின் விரல்களே இயந்திரம்.

சின்ன ஆர்டர் ஒழுங்காக வருவதில்லை. இந்த வாரம் ராத்திரி வரை வேலை. அடுத்த வாரம் மேசை காலி. ஒரு சிறு உதிரிப் பாகம் வந்து சேரவில்லையென்றால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இது இந்தத் தொழிலின் இயல்பு; யாரும் செய்த சூழ்ச்சி அல்ல. ஆனால் அந்த வெறும் நேரத்துக்கு யார் பணம் கொடுப்பது என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். “பகுதி நேரம்” என்ற பெயர் எதற்காகப் பிறந்தது? வேலை இல்லாத நேரத்தின் நஷ்டத்தை முதலாளியின் கணக்கிலிருந்து தொழிலாளியின் கணக்குக்கு மாற்றி எழுதுவதற்காகவே பல இடங்களில் அந்தப் பெயர் பயன்படுகிறது.

செட்டியார்பட்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர்களுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர்களுக்கும் ஆர்டர் இருந்தால் கூலி, இல்லையென்றால் பட்டினி என்பது தெரியும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தில் குரோஸ் கணக்கில் தீப்பெட்டி ஒட்டிய தாய்மார்களுக்குத் தெரியும். ராஜபாளையம் மில் வாசலில் பதிலித் தொழிலாளியாக நின்று, ஷிப்டுக்கு ஆள் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்களுக்கும் தெரியும். களை எடுக்கப் போய், நடுவில் மழை பிடித்துக்கொண்டதால் அரைக் கூலியோடு கரையேறிய விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். சாமான் மாறுகிறது, சட்டை மாறுகிறது, “இருந்தால் வா, இல்லாவிட்டால் போ” என்ற விதி மட்டும் மாறவில்லை.

இது பட்டிக்காட்டின் பின்தங்கிய நிலைமை என்று யாரும் எண்ண வேண்டாம். உலகத்தின் கம்ப்யூட்டர் தலைநகரம் என்று புகழப்படும் அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில், வியட்நாமிலிருந்து குடியேறிய குடும்பங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் பூட்டிக் கொடுத்ததை 1999ல் அந்த ஊர்ப் பத்திரிகையே அம்பலப்படுத்தியது. உச்சியில் கோடீசுவரர்கள்; அடியில் பீஸ் கூலி!

சின்னப் பட்டறைக்காரர் ஒரு வாதம் சொல்வார்: “பெரிய கம்பெனி எனக்கே விலையைக் குறைக்கிறது. ஆர்டர் இல்லாத நாளுக்கு நான் எங்கிருந்து கூலி கொடுப்பேன்?” இதில் உண்மை உண்டு. பெரிய கம்பெனி அவரையும் பிழிகிறது. ஆனால் ஆர்டர் இல்லாத நாளுக்கும் அவர் கொட்டகைக்கு வாடகை கொடுக்கிறார். பாங்குக்கு வட்டி கட்டுகிறார். அந்தச் செலவையெல்லாம் சேர்த்துத்தான் பெரிய கம்பெனியிடம் விலை கேட்கிறார். தொழிலாளியின் வயிறு மட்டும் ஏன் அந்தக் கணக்கில் சேரவில்லை? சுவருக்கு உள்ள மதிப்பு மனுஷிக்கு இல்லையா?

சட்டம் இது விஷயத்தில் என்ன சொல்கிறது? பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1948ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 15வது பிரிவு, நாள் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளி, வேலைக்கு வைத்துக்கொண்ட நாளில் முழு நேரத்துக்கும் குறைவாக வேலை செய்தாலும் அவருக்கு முழுநாள் கூலி உண்டு என்றது. தொழிலாளி தானே வேலை செய்ய மறுத்திருந்தால்தான் அந்த உரிமை போகும். முதலாளி வேலை கொடுக்காமல் விட்டது காரணமென்றால் போகாது. அதே சட்டத்தின் 17வது பிரிவு, நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கும்போது, பீஸ் கணக்கு என்று சொல்லி அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்றது. 2019ம் வருஷத்துக் கூலிச் சட்டத் தொகுப்பிலும் இவ்விரண்டும் 10வது, 12வது பிரிவுகளாக இடம் பெற்றிருக்கின்றன. ஆகவே காலையில் கூப்பிட்டு, பதினொரு மணிக்கு “சாமான் வரவில்லை, வீட்டுக்குப் போ” என்று சொல்லி இரண்டு மணி நேரக் கூலியை நீட்டினால், அது தொழில் வழக்கமல்ல, சட்ட விரோதம்.

ஆனால் ஒரு கையால் கொடுப்பதை மறு கையால் பறிக்கும் வித்தையும் நடந்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2025 நவம்பர் 21ந் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய பாக்டரிச் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே அது பாக்டரி. புதிய தொகுப்பில் 20 பேர் வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளர் பாதுகாப்புக்கு முன்பு 20 பேர் போதும், இப்போது 50. வயர் கட்டும் வேலை பெரும்பாலும் எங்கே நடக்கும்? பதினைந்து, பதினெட்டுப் பேர் உட்காரும் கொட்டகையில்தான் நடக்கும். சால்டரிங் புகையை நாள் முழுதும் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் தேவைப்படும் அந்தக் கொட்டகையே இனி பாக்டரி என்ற கணக்கில் வராது. முப்பது பேர் இருக்கும் பட்டறையைக் காகிதத்தில் இரண்டாக உடைத்தால் கேட்பார் யார்?

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்து நின்றதால் மே தினத்தன்று அது வாபஸ் பெறப்பட்டது. ஒரு பெண்ணை நாலு மணி நேரம் வேலை வாங்கிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இன்னொரு ஆணை 12 மணி நேரம் நிற்கச் சொல்கிறார்கள். இரண்டும் எதிரெதிராகத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றே. தொழிலாளியின் வாழ்க்கை ஆர்டரின் அளவுக்கு நீளவும் சுருங்கவும் வேண்டும் என்பதே இரண்டின் பொருள்.

முழு நேரத் தொழிலாளிகள், “அது பெண்களின் பக்க வேலை, நமக்கென்ன” என்று இருந்துவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா செல்போன் பாக்டரியில் ஒரு காலத்தில் சுமார் 8,000 பேர் வேலை செய்தார்கள். 2014 நவம்பர் 1ந் தேதி முதல் உற்பத்தி நின்றது. பெரிய பாக்டரியின் நிலையே இது என்றால், ஊர் பேர் தெரியாத கொட்டகையில் கணக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லாத பெண்ணின் நிலை என்ன?

அவளுக்குப் பலமே இல்லையா? இருக்கிறது. 2022ல் யுத்தத்தால் மேற்கு உக்ரைனில் காருக்கு வயர் கட்டும் பாக்டரிகள் தடைப்பட்டதும், ஜெர்மனியில் ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. கம்பெனிகளின் கார் உற்பத்தியே பல இடங்களில் நின்றது. அற்பம் என்று நினைக்கப்பட்ட வயர்க் கட்டு இல்லாமல் கோடிக்கணக்கான பண முதலீடு அசையவில்லை. நம் நாட்டிலும் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும், ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பாக்டரிப் பெண்கள் சென்னை-பெங்களூர் சாலையில் உட்கார்ந்தார்கள். சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. இவையெல்லாம் தானாக வந்தவையல்ல.

பகுதி நேரத் தொழிலாளிக்கும் முழு நேரத் தொழிலாளிக்கும் உரிமையில் பேதம் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1994லேயே 175வது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 1996ல் 177வது உடன்படிக்கை வந்தது. இந்தியா இரண்டையும் ஏற்கவில்லை. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிப் பாகத் தொழிலுக்கு மத்திய சர்க்கார் 2025ல் 22,919 கோடி ரூபாய்த் திட்டம் போட முடிந்தது. அது ஜனங்களின் பணம். அதை வாங்குகிறவருக்கு நிபந்தனை வேண்டாமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை:

1. வேலைக்கு அழைத்துவிட்டு, வேலை இல்லையென்று திருப்பி அனுப்பினால் சட்டப்படி முழுநாள் கூலி.

2. வேலைக்கு எடுக்கும்போதே நேரம், கூலி, பீஸ் விலை எழுதிய சீட்டு. பீஸ் கணக்கு எதுவானாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது.

3. இ.எஸ்.ஐ., பி.எப். ஆகியவை பகுதி நேரக்காரருக்கும் உண்டு. பட்டறையைக் காகிதத்தில் உடைத்து ஆள் கணக்கைக் குறைத்தால் வழக்கு.

4. சர்க்கார் மானியம் பெறும் கம்பெனி, தனக்கு வயர் கட்டிக் கொடுக்கும் சின்னப் பட்டறையின் கூலிக்கும் பொறுப்பு.

5. மில் சங்கங்கள் பகுதி நேரப் பெண்களை முழு அங்கத்தினராகச் சேர்க்க வேண்டும். அவர்களுக்குத் தோதான நேரத்தில் கூட்டம் போட வேண்டும். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு “பெண்கள் வரவில்லை” என்று சொல்வது நியாயமல்ல.

ஐந்தாவதுதான் முதல் வேலை. மற்ற நான்கும் அதிலிருந்துதான் பிறக்கும். தினம் வேலைக்கு வந்த நேரத்தையும், திருப்பி அனுப்பிய நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள், சகோதரிகளே! எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லுங்கள். முதலாளியிடம் கணக்கு இருக்கிறது. நம்மிடமும் கணக்கு இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள்.