விரல் அறிய வேண்டிய பாடம்



உங்கள் வீட்டுச் சிறுவனிடம், "வளர்ந்து என்ன ஆவாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "போலீஸ்!" என்று கூறி, சுட்டுவிரலைத் துப்பாக்கியாக நீட்டுவான். சுடுவதே காவலர் பணி எனக் குழந்தை எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், பயிற்சி அளிக்கும் பெரியவர்களும் அவ்வாறே எண்ணினால் என்ன நேரும்? அமெரிக்காவில் நடந்த இரு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

1974 அக்டோபரில் ஓர் இரவு. மெம்பிஸ் நகரில், வீடொன்றில் திருடன் புகுந்ததாகத் தகவல் கிடைத்துக் காவலர்கள் சென்றனர். கொல்லைப்புறமாக ஓடியவன் வேலியருகே பதுங்கினான். கைவிளக்கின் ஒளியில் அவனைக் கண்ட காவலர், அவனிடம் ஆயுதம் இல்லையென்றே கருதினார். எனினும், அவன் வேலியேறித் தப்ப முயன்றபோது சுட்டுவிட்டார். மாண்டவன் 15 வயதுச் சிறுவன். அவன் எடுத்திருந்தவை ஒரு கைப்பையும் பத்து டாலரும்தாம்! அவ்வாறு சுடுவதை அன்றைய மாநிலச் சட்டமும் காவல் துறை விதியும் அனுமதித்தன. காவலரின் குறி தப்பவில்லை; அவருக்குத் தரப்பட்ட நெறிதான் தவறியிருந்தது. தப்பியோடுபவனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு விளையும் என நம்பத் தக்க காரணம் இருந்தாலன்றி, உயிர் போகும்படி சுடலாகாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மற்றொன்று, நியூஜெர்சி மாநிலத்தின் மார்கேட் நகரில் நடந்தது. இரவில் ஒருவனைத் துரத்திச் சென்ற காவலர், சத்தம் கேட்டு வீட்டிலிருந்து வெளியே வந்த நிரபராதியைத் தாம் தேடியவனென்று எண்ணிச் சுட்டுக் கொன்றார். வழக்கு மன்றத்தில் வெளிப்பட்ட உண்மை என்ன? அந்நகரக் காவலர்க்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை சுடும் பயிற்சி இருந்தது. ஆனால் இருளில் சுடுவது, நகரும் இலக்கைச் சுடுவது, மக்கள் குடியிருக்கும் தெருவில் சுடுவது ஆகியவை பற்றி ஒன்றுமே கற்பிக்கப்படவில்லை! இத்தகைய பயிற்சி பெருங்குறையுடையது என்று முடிவு செய்ய இடமுண்டு என 1979இல் நீதிமன்றம் கூறி, நகராட்சியின் மீதான வழக்கைத் தொடர அனுமதித்தது.

இவை அந்நாட்டுக்கு மட்டும் உரிய பாடங்களா? 1990இல் கியூபாவின் ஹவானா நகரில் கூடிய ஐ.நா. மாநாடு, காவலர் துப்பாக்கிப் பயன்பாடு குறித்த அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றது. தனிப் பயிற்சி முடித்தவர்க்கே துப்பாக்கி ஏந்த அனுமதி தர வேண்டும். பயிற்சியைத் தொடர்ந்து அளித்துத் தகுதியையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்கின்றன அவை. அத்துடன், கூட்டத்தின் மனநிலையை அறிதல், பேசி இணங்க வைத்தல், சமரசம் செய்தல் ஆகியவற்றையும் கற்பிக்கச் சொல்கின்றன. துப்பாக்கிப் பயிற்சியில் நாவுக்கும் பாடம் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள்!

மனனம் செய்த பாடத்தைத் திருப்பி ஓதாத மாணவன் சில நாட்களிலேயே தடுமாறுவதை ஆசிரியனாகிய நான் அன்றாடம் காண்கிறேன். அவன் தடுமாறினால் நான் திருத்தி, மீண்டும் ஓதச் சொல்லலாம். துப்பாக்கியிலிருந்து புறப்பட்ட தோட்டாவை எவர் திருப்பி அழைப்பார்?

நாளை உங்கள் பிள்ளை காக்கிச் சட்டை அணியலாம். அல்லது இருட்டில் ஒரு காவலரின் எதிரே நிற்க நேரலாம். இரு நிலையிலும் அவனைக் காப்பது அக்காவலர் கற்ற நிதானமே. ஆகவே, அடுத்த முறை அவன் விரலை நீட்டும்போது அதட்டாதீர்கள். அருகில் அமர்த்தி, வேலியேறிய அச்சிறுவனின் கதையைச் சொல்லுங்கள்.