விதிவிலக்கு என்றொரு பொய்

2016இல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பங்க் ராக் இசையைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. உரையாற்ற வந்திருந்த விவ் ஆல்பர்டைன், அங்கே வைத்திருந்த விளக்கப் பலகையைப் படித்தார். பங்க் பிறந்த கதைக்கு நாயகர்களாக அதில் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ், பஸ்காக்ஸ் ஆகிய மூன்று குழுக்களின் பெயர்கள் இருந்தன. மூன்றும் ஆண்கள் குழுக்கள். அவர் பேனாவை எடுத்து அந்தப் பெயர்களை அடித்துவிட்டு ஸ்லிட்ஸ், எக்ஸ்ரே ஸ்பெக்ஸ், சூஸி அண்ட் த பான்ஷீஸ் என்று எழுதினார். பெண்கள் எங்கே போனார்கள் என்றும் கேட்டு, தன் பெயரையும் போட்டார். அவர் ஸ்லிட்ஸ் குழுவின் கிதார் கலைஞர். அந்த மேடைகளில் நின்றவர்.

நூலகத்துப் பலகையில் கிறுக்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தப் பலகையே அதைவிடப் பெரிய கிறுக்கல். 'அந்தக் காலத்து ராக் பையன்கள் சமாச்சாரம். பெண்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துபோன விதிவிலக்குகள்' என்ற நம்பிக்கைதான் அங்கே அச்சாகித் தொங்கியது. இதைச் சொல்கிறவர்கள் இசையின் எதிரிகளும் அல்ல. இளமையில் கேட்ட பாட்டை நினைத்து உருகும் ரசிகர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தப் பொய்க்கு இத்தனை ஆயுசு.

நடந்ததைப் பார்ப்போம். 1976 செப்டம்பர் 20 அன்று லண்டன் 100 கிளப்பில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடியது, கிளாஷ் பாடியது. சூஸி அண்ட் த பான்ஷீஸ் முதன்முதலாக மேடையேறியதும் அதே இரவில், அதே மேடையில்தான். பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கூட்டம் அல்ல அது. ஆனால் பிஸ்டல்ஸுக்கு அடுத்த மாதமே ஒப்பந்தம் கிடைத்தது. கிளாஷுக்கு 1977 ஜனவரியில். பான்ஷீஸ் 1978 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவர்களை ஒப்பந்தம் செய்யுங்கள் என்று இசைத்தட்டு நிறுவனங்களின் சுவர்களில் எழுதும் அளவுக்கு நிலைமை போனது. ஒப்பந்தம் கிடைத்த சில மாதங்களிலேயே அவர்களின் முதல் தனிப்பாடல் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்துவிட்டது. ரசிகர்கள் தயாராக இருந்தார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள்தான் தயங்கினார்கள்.

'இருந்தாலும் எண்ணிக்கையில் குறைவுதானே?' என்பார்கள். குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஏன் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 1977இல் கிளாஷ் நடத்திய 'ஒயிட் ரயட்' சுற்றுப்பயணத்தில் ஸ்லிட்ஸ் குழுவும் போனது. இந்தப் பெண்களைப் பேருந்தில் ஏற்றவே ஓட்டுநருக்குக் காசு தள்ள வேண்டியிருந்தது என்று கூடப் போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாடகி ஆரி அப், குழுவில் சேர்ந்தபோது 14 வயதுச் சிறுமி. வண்டியில் ஏறுவதற்கே லஞ்சம் கேட்ட காலத்தில் இத்தனை பேர் வந்தார்களே என்றுதான் வியக்க வேண்டும்.

அடுத்த குற்றச்சாட்டு: அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. இதைச் சொல்கிறவர்களின் வீட்டுச் சுவரில் சிட் விஷஸ் படம் தொங்கும். பிஸ்டல்ஸின் பேஸ் கலைஞராக இருந்த அவருக்கு பேஸ் கிதார் சரியாக வாசிக்க வராது. பிஸ்டல்ஸின் ஒரே ஸ்டுடியோ ஆல்பத்தில் பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வாசித்தவர் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஜோன்ஸ். ஆணுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் அது கலகம். பெண்ணுக்குத் தெரியாவிட்டால் கத்துக்குட்டித்தனம். இது என்ன நியாயம்?

கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் 'பெண் குழுக்கள்' என்று தனிப் பட்டியல் போட்டு இவர்களை அதில் உட்கார வைப்பார்கள். மரியாதை மாதிரி தெரியும்; உண்மையில் ஓரங்கட்டல். ஸ்லிட்ஸின் 1979 ஆல்பம் தயாரிப்பாளர் டெனிஸ் போவெலின் கைவண்ணத்தில் ரெக்கே தாளத்தில் ஆடுகிறது. எக்ஸ்ரே ஸ்பெக்ஸில், பல்லுக்குக் கம்பி போட்ட பாடகி பாலி ஸ்டைரின், பிளாஸ்டிக் மயமான கடைத்தெரு உலகத்தைக் கிண்டலடித்துக் கத்த, பக்கத்தில் சாக்ஸபோன் அலறுகிறது. பான்ஷீஸின் இசையோ இருட்டும் குளிரும். ரெயின்கோட்ஸ் குழுவில் வயலின் கீறுகிறது. இவர்களை ஒரே பெட்டியில் போடுவதற்குப் பாலினத்தைத் தவிர என்ன காரணம்? கிளாஷையும் பிஸ்டல்ஸையும் 'ஆண் குழுக்கள்' என்ற பட்டியலில் யாராவது போட்டதுண்டா?

விதிவிலக்கு என்றால் தனித்து நிற்பது. முன்னும் பின்னும் தொடர்ச்சி இல்லாதது. இங்கே இருந்ததோ நீண்ட தொடர்ச்சி. 1975இல் வந்த பாடகி பாட்டி ஸ்மித்தின் ஆல்பத்து அட்டைப்படம் தன்னை உலுக்கியதாக ஆல்பர்டைன் சொல்லியிருக்கிறார். ஆரி அப்பும் ஸ்லிட்ஸின் டிரம்மர் பால்மோலிவும் சந்தித்துக்கொண்டது பாட்டி ஸ்மித்தின் லண்டன் நிகழ்ச்சியில். ஸ்லிட்ஸ் மேடையேறியதைப் பார்த்த துணிச்சலில்தான் ஜீனா பர்ச், ஆனா டா சில்வாவுடன் சேர்ந்து ரெயின்கோட்ஸைத் தொடங்கினார். அதன் முதல் ஆல்பத்துக்கு டிரம்ஸ் அடித்தவர் அதே பால்மோலிவ். அந்த ஆல்பத்தைத் தேடி 1992இல் லண்டன் கடைகளில் அலைந்தவர் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன். அடுத்த ஆண்டு அது மறுபடி வெளியானபோது அதற்கு முன்னுரையும் எழுதினார்.

ஆகவே, இந்தப் பெண்களை நினைவிலிருந்து எடுத்துவிட்டால் அறுந்துபோவது அவர்களின் கதை மட்டுமல்ல. ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ஆண்களின் கதையிலும் கண்ணி விட்டுப்போகும். பழைய இசையை நினைத்து உருகுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த மேடையில் யார் யார் நின்றார்கள் என்று விசாரித்துவிட்டு உருகுங்கள். அரைகுறைப் பட்டியலை வரலாறு என்று நீட்டினால், யாராவது பேனாவோடு வரத்தான் செய்வார்கள்; வர வேண்டும்.