எட்டாவதுக்குப் பிறகு எங்கே?

கிழக்குப் புறநகரில் நம் மக்கள் நெருங்கி வாழும் ஒரு வட்டத்தின் மாநகராட்சி உறுப்பினர் சில வாரங்களாக மாலை நேரங்களில் சால் சாலாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். ஓட்டுக் கேட்டல்ல, ஓட்டுத்தான் முடிந்துவிட்டதே! அவர் கையில் இருப்பது கையெழுத்துத் தாள். தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் எழுதப்பட்ட அந்தத் தாளில் ஒரே கோரிக்கை: எங்கள் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் ஒன்பதாவதும் பத்தாவதும் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியை மாநகராட்சி தொடங்க வேண்டும்.

அந்த அம்மையாரின் பெயரை இங்கே நாம் குறிப்பிடவில்லை. தனி நபர் புகழ் பாடுவது இவ்வேட்டின் வழக்கமல்ல. அவர் சார்ந்த கட்சியோடு நமக்குப் பல விஷயங்களில் உடன்பாடும் இல்லை. ஆனால் நியாயமான கோரிக்கையை எவர் எழுப்பினாலும் அது நியாயமான கோரிக்கைதான். 2022 மார்ச்சு மாதம் பழைய மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின், 2026 சனவரியில் தேர்தல் நடக்கும்வரை, ஏறத்தாழ நான்காண்டுக் காலம் மும்பை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. நிர்வாக அதிகாரியின் ஆட்சிதான் நடந்தது. தண்ணீர் வராவிட்டாலும் பள்ளிக் கூரை ஒழுகினாலும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தோமே, கேட்க ஆளிருந்ததா? இப்போது ஆள் இருக்கிறார். கேட்கத்தான் வேண்டும்.

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, கல்விதான் உரிமையாகிவிட்டதே என்று சில நண்பர்கள் நினைக்கலாம். அங்கேதான் ஏமாற்றம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வி தருகிறது. அதாவது எட்டாம் வகுப்போடு சரி. அக்கம்பக்கத்தில் பள்ளி வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்கிறது. அதுவும் எட்டாவது வரைதான். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்கிறார்களே, அதுவும் எட்டாவது வரைதான். சீட்டுக் குலுக்கலில் இடம் கிடைத்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு எட்டாண்டுக் காலம் இங்கிலீஷ் பள்ளிக்குப் போன பிள்ளையிடம், ஒன்பதாவதில் முழுக் கட்டணத்தையும் கொண்டுவா என்று கேட்கலாம். சட்டம் தடுக்காது.

இன்னொரு சட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள், அது தனிக் கதை. 14 முடிந்து 18 ஆகும்வரை ஆபத்தான தொழில்கள் மட்டுமே தடை. ஆக, பள்ளியில் சேர்த்தே ஆகவேண்டும் என்ற சட்டமும், வேலைக்கு அனுப்பாதே என்ற சட்டமும் ஒரே பிறந்தநாளில் பிள்ளையின் கையை விட்டுவிடுகின்றன! பதினான்கு வயதுப் பையனை அந்தப் பக்கம் பையும் பெல்டும் தைக்கும் பட்டறையும், இந்தப் பக்கம் பிளாஸ்டிக் பிரிக்கும் கொட்டகையும் கூப்பிடுகின்றன. பள்ளி கூப்பிடும் தூரத்தில் இல்லை. அவன் எந்தப் பக்கம் போவான்?

பையனின் கதை இது. பெண்பிள்ளையின் கதை இதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, அண்டாவைத் தலையில் ஏற்றி கணவரை அனுப்பும் தாய்மார்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வீட்டில் மூத்த பெண்தான் தம்பி தங்கையரைப் பள்ளிக்குக் கிளப்புகிறாள், குழாயில் தண்ணீர் பிடிக்கிறாள். எட்டாவது வரை பள்ளி தெருக்கோடியில் இருந்ததால் இதற்கிடையிலும் படித்துவிட்டாள். ஒன்பதாவதுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ரயில் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும், திரும்பி வர இருட்டிவிடும் என்றால் அப்பா என்ன சொல்வார்? “போதும்மா, வீட்டில் இரு” என்பார். அவரைக் கொடியவர் என்று திட்டிவிட்டுப் போவது எளிது. நம்மில் பலர் அவரிடத்தில் இருந்தவர்கள், அதையேதான் சொன்னோம். அந்தத் தகப்பனின் வாயை அடைக்கும் வல்லமை மேடைப் பேச்சுக்கு இல்லை. பத்து நிமிட நடையில் ஒரு பள்ளி இருந்தால், அதற்கு உண்டு.

நடுவண் அரசே 2009இல் இடைநிலைக் கல்விக்கெனத் தொடங்கிய இயக்கத்தில், குடியிருப்பிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்தது. நம் சொந்த ஊர்ப் பக்கத்தில் 5 கிலோமீட்டர் என்றால் சைக்கிளை மிதித்துப் போய்விடலாம். இந்த நகரத்தில் 5 கிலோமீட்டர் என்பது சில நேரம் ஒரு மணி நேரம். வரைபடத்தில் கோல் வைத்து அளப்பவருக்கு அது தெரிவதில்லை.

இனி மாநகராட்சி என்ன சொல்லும் என்று பார்ப்போம். வெள்ளையர் காலத்தில், 1888இல் செய்த மாநகராட்சிச் சட்டமே இன்றும் அடிப்படை. அதில் தொடக்கக் கல்வி என்பது மாநகராட்சி செய்தே தீரவேண்டிய கடமை. அதற்கு மேற்பட்ட கல்வியோ, விரும்பினால் செய்யலாம் என்ற வரிசையில் இருக்கிறது. இதைத்தான் அதிகாரிகள் கேடயமாகப் பிடிப்பார்கள்: “எங்கள் கடமை இல்லை, மாநில அரசைக் கேளுங்கள்.” மாநில அரசிடம் போனால், தனியார் பள்ளிகள் இருக்கின்றனவே என்பார்கள். இந்தப் பந்தாட்டத்தில் பந்து யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் விரும்பினால் செய்யலாம் என்றால், விரும்பச் செய்யலாம் என்றுதானே பொருள்? மாநகராட்சி ஏற்கெனவே சில உயர்நிலைப் பள்ளிகளை நடத்தத்தான் செய்கிறது. ஒன்றை நடத்துவதற்கு உள்ள அதிகாரம் இன்னொன்றுக்கு இல்லாமல் போகுமா? பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025–26ஆம் ஆண்டுக்கு இம்மாநகராட்சி போட்ட பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். அதில் கல்விக்கு ஏறத்தாழ 3,955 கோடி. சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம் என்று 27 பொருள்களைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள், நன்றி மறக்கவில்லை. ஆனால் பை கொடுத்த கை, அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போக வழியும் காட்ட வேண்டாமா?

பணத்தைவிடப் பெரிய கேள்வி நிலம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம். நகர வளர்ச்சித் திட்ட வரைபடத்தில் பள்ளிக்கு, மருத்துவமனைக்கு, மைதானத்துக்கு என்று இடங்களைக் குறித்து ஒதுக்கியிருப்பார்கள். இப்போதுள்ள திட்டம் 2034 வரைக்குமானது. 2018 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. தனியார் நிலத்தில் ‘பள்ளி’ என்று எழுதியிருந்தால் அது பள்ளியாகிவிடும் என்று நினைத்துத் தூங்கிவிடக்கூடாது. 1966ஆம் ஆண்டு மகாராட்டிர வட்டார நகரமைப்புச் சட்டத்தின் 127ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. திட்டம் நடப்புக்கு வந்து பத்தாண்டுக்குள் அந்த நிலத்தை எடுக்காவிட்டால் உரிமையாளர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன்பின் 24 மாதத்துக்குள் எடுக்க நடவடிக்கை இல்லையென்றால் ஒதுக்கீடே காலாவதி. பத்தாண்டு என்று முடிகிறது? 2028இல்! பிள்ளைக்கென்று எழுதிவைத்த மனை பில்டருக்குப் போவதற்கு யாரும் எதையும் திருட வேண்டியதில்லை. எல்லாரும் சும்மா இருந்தாலே போதும்.

ஆகவே அந்த அம்மையாரிடம் நாம் வைக்கும் முதல் வேண்டுகோள்: வட்டத்தில் பள்ளிக்கென ஒதுக்கிய மனைகள் எவை, அவை யார் கையில் உள்ளன, ஒவ்வொன்றும் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை மன்றத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைத் தெருவில் ஒட்டுங்கள்.

தாராவியிலுள்ள நம் வாசகர்கள், இது அந்தப் பக்கத்து விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அங்கே நிலைமை இன்னும் சிக்கல். அதானி குழுமம் 80 பங்கும் மாநில அரசு 20 பங்கும் கொண்ட நிறுவனம் மறுசீரமைப்பை நடத்துகிறது. 2025 மே மாதம் மாநில அரசு அதன் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. பின்னால் வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வெளியே போக வேண்டியவர்கள். எத்தனை சதுர அடி என்று எல்லாரும் கேட்கிறோம். போகிற இடத்தில் ஒன்பதாவது இருக்கிறதா என்று எத்தனை பேர் கேட்டோம்?

இது நமக்குப் புதிதுமல்ல. 1976 மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனியைப் பெயர்த்து, மக்களை டிராம்பேயில் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து வந்தவர்களில் நம்மவர் ஏராளம். அந்தப் போராட்டத்தை நடத்திய ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து இந்நகரத்துக்குப் பிழைக்க வந்த தமிழர். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மகசேசே விருதும் பெற்றவர். குப்பையை அள்ள வராத நகராட்சிக்கு, அந்தக் குப்பையையே சிறுபிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பி அலுவலகத்தில் கொட்டவைத்தவர் அவர். வீட்டைப் பெயர்த்தவர்களுக்குப் பள்ளியைப் பெயர்த்து வைக்கத் தோன்றுவதில்லை. நாம்தான் அதையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த மொழியில் பள்ளி? கையெழுத்து வாங்கப் போன இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி எழுந்ததாக நம் தோழர்கள் சொல்கிறார்கள். மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. தொடக்க வகுப்பில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவும் மாநிலங்களுக்குச் சொல்கிறது. ஆனால் உண்மையை மறைக்காமல் பேசுவோம். தமிழ் வகுப்புக்குப் பிள்ளை குறைகிறது என்று கூட்டத்தில் கண்ணீர் விடும் நம்மில் பலரின் பிள்ளைகள் படிப்பது இங்கிலீஷ் பள்ளியில்தான். இவ்வேட்டின் ஆசிரியர் குழுவும் இதற்கு விலக்கல்ல.

ஆனால் ஏன் அனுப்புகிறோம்? தமிழில் ஏழாவதோ எட்டாவதோ வரை படித்த பிள்ளை அதன்பின் எங்கே போவது என்ற அச்சம்தான் பாதிக் காரணம். மேலே படியில்லாத ஏணியில் பிள்ளையை யார் ஏற்றுவார்கள்? ஆகவே நம் கருத்து இது: வரப்போகும் பள்ளியில் பத்தாவது வரை தமிழ்ப் பிரிவு ஒன்று இருக்கட்டும், அதே கட்டடத்தில் இங்கிலீஷ் பிரிவும் அக்கம்பக்கத்தார் மொழிப் பிரிவுகளும் இருக்கட்டும், இங்கிலீஷில் படிக்கும் நம் பிள்ளைக்குத் தமிழ் ஒரு பாடமாகக் கிடைக்கட்டும். மராத்தி எல்லாருக்கும் கட்டாயப் பாடம், 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி. அதை நன்றாகவே படிக்கட்டும். இம்மண்ணில் வேலையும் வழக்கும் அந்த மொழியில் நடக்கும்போது அதைத் தெரியாமலிருப்பது வீரமாகாது.

தமிழருக்கு மட்டும் பள்ளி என்று கேட்க வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். 1966க்குப் பின் இந்நகரத்தில் மதராசி என்று நம் கடைகள் உடைபட்ட நாட்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்துக் கோலியிலுள்ள மராத்தி அம்மாவின் பெண்ணும், எதிர்ச் சாலிலுள்ள உத்தரப் பிரதேசத்துக்காரரின் பையனும் அதே எட்டாவதில்தான் நிற்கிறார்கள். நான்கு மொழியில் தாள் அச்சடித்தது அந்த அம்மையார் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

அவருக்கும் ஒரு வார்த்தை. அடிக்கல் நாட்டு விழாக்கள் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். காமராசர் படத்துக்கு மாலை போட்டு, மதிய உணவு தந்த மகானே என்று பேசிவிட்டு, அடுத்த தேர்தல் வரை அந்தக் கல்லின் மேல் புல் முளைப்பதையும் பார்த்திருக்கிறோம். கட்டடம் வர ஆண்டுகள் ஆகும். இன்று எட்டாவதில் இருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்காது. ஆகவே முதலில் வகுப்பைக் கேளுங்கள், பிறகு கட்டடத்தைக் கேளுங்கள். இருக்கும் தொடக்கப் பள்ளியில் மாலை நேரத்தில் காலியாகக் கிடக்கும் அறைகளில் வரும் ஜூனில் ஒன்பதாவதும், அதற்கடுத்த ஜூனில் பத்தாவதும் தொடங்கச் சொல்லுங்கள். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் படித்த ஆசிரியர்கள், நிரந்தர வேலையில், வேண்டும். தேர்வு வாரியத்தின் அங்கீகாரத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். இல்லையென்றால் பத்தாவது பிள்ளைகள் வேறொரு பள்ளியின் பெயரில் பரீட்சை எழுத நேரும். பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வேண்டும். இதைச் சிறிய விஷயமென்று நினைப்பவர் தம் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.

கையெழுத்துத் தாள் உங்கள் சாலுக்கு வரும்போது பெயர் மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எட்டாவதோடு நின்றது எத்தனை பேர், எந்த ஆண்டு என்று பக்கத்தில் எழுதுங்கள். நின்ற பிள்ளையின் எல்.சி. இருந்தால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சேருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்களுக்குப் படிக்கும் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கலாம். வெளியில் போகும் தாளுக்கு ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள். நாளை தாள் காணாமற்போனது என்று யாராவது சொன்னால், எடுத்துக் காட்ட நம்மிடம் ஒன்று இருக்கட்டும்.