பாக்குவெட்டிக்கு ஒரு மாளிகை

மெட்ராஸ் ஜனங்கள் ஒரு காலத்தில் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்திருந்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலை, 'உயிர் காலேஜ்'. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இரண்டு காலேஜையும் ஒரே நாளில் முடித்து, பீச்சில் சுண்டல் தின்றுவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்தார்கள். மியூசியம் என்றால் திமிங்கில எலும்பு, துருப்பிடித்த வாள், மூக்குடைந்த சிலை. நமக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்கிற தைரியத்தில் வேகமாக நடந்துவிடுவோம்.

அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கிற மியூசியம் ஒன்று புனேயில் இருக்கிறது. பாஜிராவ் ரோடு, ராஜா தினகர் கேல்கர் மியூசியம். பெயரைக் கேட்டதும் யாரோ சமஸ்தானத்து மகாராஜா என்று நினைக்க வேண்டாம். கேல்கர் மூக்குக்கண்ணாடி வியாபாரம் பார்த்தவர். 'ராஜா' யார் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

உள்ளே அப்படி என்ன இருக்கிறது? பாக்குவெட்டி இருக்கிறது. ஒன்றிரண்டல்ல, வகை வகையாக. அப்புறம் விளக்குகள், மைக்கூடுகள், சமையல் பாத்திரங்கள், நகைகள், கதவுகள், வாத்தியங்கள். பெரும்பாலும் 18, 19-ம் நூற்றாண்டுகளில் வீடுகளில் புழங்கியவை. சரித்திரப் புத்தகத்தில் மராத்தியர்கள் கோட்டை பிடிப்பார்கள், வரி வசூலிப்பார்கள், 1761-ல் பானிபட்டில் தோற்பார்கள். நடுவில் குளித்தார்களா, வெற்றிலை போட்டார்களா என்று ஒரு வரி இருக்காது. பரீட்சைக்கு வராதே!

ராஜ சமாசாரமே இல்லை என்று சொல்லவில்லை. முதலாம் பாஜிராவ் பேஷ்வாவின் மஸ்தானிக்காகக் கோத்ரூடில் இருந்த மாளிகையின் மிச்சங்களைக் கொண்டுவந்து, 'மஸ்தானி மகால்' என்று உள்ளே திரும்ப அமைத்திருக்கிறார்கள். 2015-ல் வந்த இந்திப் படத்தைப் பார்த்தவர்கள் நேராக அங்கேதான் போவார்கள். போகட்டும். நாம் பாக்குவெட்டிக்கு வருவோம்.

பாக்குவெட்டி பாக்கை வெட்டினால் போதும். இரண்டு கால், நடுவே ஓர் ஆணி, ஒரு பக்கம் கூர். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தக் காலத்து ஆசாரி அதைக் கிளியாகச் செய்திருக்கிறார். குதிரையாகச் செய்திருக்கிறார். சிலதில் ஆணும் பெண்ணும் ஜோடியாக நிற்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில், மாமியார் முன்னிலையில், புது மருமகள் எப்படித்தான் அதை எடுத்துப் பாக்கு வெட்டினாளோ!

எதற்கு இந்த மெனக்கெடல்? நம் ஆபீஸில் பைலைக் கட்டினால் போதும். நாடாவில் தாமரைப்பூ முடிச்சுப் போடு என்று எந்த ஹெட்கிளார்க்கும் கேட்பதில்லை. போட்டால் "வேற வேலை இல்லையா சார்?" என்பார்.

வெற்றிலைப் பெட்டி, விருந்தாளி முன்னால் திறக்கப்படுகிற சாமான். ஆகவே பாக்குவெட்டி அழகாக இருந்தால் வீட்டுக்குப் பெருமை, நாலு பேர் பார்ப்பார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் வஜ்ரி என்று ஒன்று இருக்கிறது. குளிக்கும்போது குதிகாலைத் தேய்க்கிற பித்தளைச் சாமான். அடிப்பக்கம் சொரசொரப்பு. மேல்பக்கம் மயில், யானை. சிலவற்றின் உள்ளே சின்னக் குண்டுமணிகள் போட்டு, தேய்க்கத் தேய்க்கச் சலங்கை மாதிரி சத்தம் வரும்படி செய்திருக்கிறார்கள். குளியலறைக்குள் எந்த விருந்தாளி வருகிறான்? குதிகாலுக்கு யானையைத் தெரியுமா? ஆக, நாலு பேர் பார்ப்பதற்காக என்கிற வாதம் அந்த இடத்தில் வழுக்கி விழுந்துவிடுகிறது. செய்தவருக்குச் சும்மா விட மனசு வரவில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அந்த மனசுக்காரர்களின் பெயர், அநேகமாக எந்தச் சாமானிலும் கிடையாது.

இதை நம்மைவிட வெளியார் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். 1958-ல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்கிற அமெரிக்க டிசைன் தம்பதியிடம் நம் அரசாங்கம் ஒரு ரிப்போர்ட் கேட்டது. அதை வைத்து 1961-ல் அகமதாபாத்தில் டிசைன் கல்லூரியே வந்தது. அந்த ரிப்போர்ட்டில் அவர்கள் உருகி உருகி எழுதியிருப்பது லோட்டாவைப் பற்றி. அதாவது நம் செம்பு! எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், சாய்த்தால் எப்படி ஊற்றும், கைக்கு எப்படி இருக்கும் என்று கேள்விமேல் கேள்வி. கடைசியில், உடைசலாக விற்றால் என்ன பெறும் என்பதையும் விடவில்லை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் தயாராக இருந்தது. பித்தளை அண்டா, செம்பு, குத்துவிளக்கு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினோம். தேய்க்கிற அம்மாவின் தோள்பட்டை பிழைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். தராசில் கிளிக்கும் யானைக்கும் தனி விலை கிடையாது, அதுதான் வருத்தம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கிளம்பின சாமான்கள் கடை கடையாக அடுக்கி வைத்திருக்கும்.

கேல்கருக்கும் சாமான் சேர்க்கிற எண்ணம் முதலில் இல்லை. அவர் கவிஞர். சரித்திரத்தில் மோகம். மராத்தியில் 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் எழுதினார். அஞ்ஞாதவாசம் என்றால் தெரியுமே, பாண்டவர்கள் பதின்மூன்றாம் வருஷம் பெயரை மறைத்து இருந்தது. பழைய சரித்திரத்தைத் தேடிப் போனவர், பழைய சாமான்களிடம் மாட்டிக்கொண்டார். சுமார் 1920-ல் ஆரம்பித்தது, 1960 வாக்கில் 15,000 உருப்படி. கண்ணாடி விற்கிற காசில் ஒருத்தர் இப்படிச் சேர்த்தால் வீட்டில் என்ன பேச்சு வாங்கியிருக்க வேண்டும்! ஆனால் மனைவி கமலாபாயும் இதில் கூடவே நின்றிருக்கிறார்.

1975-ல் அத்தனையையும் மகாராஷ்டிர அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார். இன்றைக்கு 20,000-க்கு மேல் இருக்கிறது. பார்வைக்கு வைத்திருப்பது சுமார் 2,500. பாக்கி எல்லாம் உள்ளே, நம் ரெகார்டு ரூம் மாதிரி.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இந்த மியூசியத்தில் சித்ரகதி படங்கள் இருக்கின்றன. ராமாயண, பாரதக் காட்சிகளைக் காகிதத்தில் பெரிய பெரிய கண்களோடு வரைந்து, கதைசொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பாடிக்கொண்டே கதை சொல்வார். ஒரு விதத்தில் கிராமத்து சினிமா. சிந்துதுர்க் ஜில்லா பிங்குளி கிராமத்தில் இந்தக் கலையை விடாமல் வைத்திருக்கிற குடும்பங்கள் உண்டு. கண்ணாடிக்குள் போனதும் அது ஊமைப்படமாகிவிடுகிறது. பாக்குவெட்டிக்கும் அதே கதிதான். பாக்கு இல்லை, வெட்டும்போது வருகிற 'கடக்' இல்லை. மியூசியம் காப்பாற்றிக் கொடுப்பது பாதியைத்தான். எடைக்குப் போட்டால் அந்தப் பாதியும் இல்லை.

ராஜா விஷயத்துக்கு வருகிறேன் என்றேன் அல்லவா? கேல்கரின் மகன் பெயர் ராஜா. சிறு வயதிலேயே இறந்துபோன பிள்ளை. நாற்பது வருஷம் ஊர் ஊராக அலைந்து சேர்த்ததற்கு அந்தக் குழந்தையின் பெயரை முன்னால் வைத்துவிட்டார், அஞ்ஞாதவாசி. கேல்கர் பிறந்தது 1896-ல், காலமானது 1990-ல். அத்தனை வருஷம் இருந்த மனிதர், பிள்ளைக்கு வாய்க்காத வருஷங்களையும் சேர்த்து எண்ணியிருப்பார்.

உங்கள் வீட்டுப் பரணில் பித்தளையில் ஏதாவது மிச்சம் இருந்தால், போடுவதற்கு முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யார் சீதனம், எந்த ஊர் ஆசாரி, யார் கையில் புழங்கியது என்று. பதிலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். அவசரமில்லை. பழைய சாமான்காரர் எப்படியும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவார்.