மதுரையில் வானம் தெளிவு... ஆனாலும் சென்னை விமானம் கிளம்பாதது ஏன்?

காரைக்குடியில் இருந்து விடியற்காலையில் கார் பிடித்து, சுமார் 90 கிலோமீட்டர் பயணித்து மதுரை விமான நிலையம் வந்தாச்சு. சென்னையில் இறங்கி சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்க வேண்டும். எல்லோரும் ஏறி உட்கார்ந்து, கதவும் மூடியாச்சு. ஆனால் விமானம் நகரவில்லை. "ஏடிசி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்" என்கிறார் விமானி. வெளியே மழையும் இல்லை, மூடுபனியும் இல்லை. அப்புறம் என்ன சிக்கல்?

சிக்கல் சென்னையில்... கணக்கு டெல்லியில்!

ஒரு விமான நிலையத்தில் ஒரு மணி நேரத்தில் இத்தனை விமானங்கள்தான் இறங்க முடியும் என்று ஒரு அளவு உண்டு. கனமழை, புகைமூட்டம், ஓடுதளப் பராமரிப்பு என்றால் அந்த அளவு குறைந்துவிடும். 2018 போகி அன்று காலை சென்னையைச் சூழ்ந்த புகையால் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டது நினைவிருக்கலாம்.

மணிக்கு 30 விமானங்கள் இறங்கும் இடத்தில் 15 மட்டுமே முடியும் என்று வைத்துக்கொள்வோம். மீதி விமானங்கள் வானில் வட்டமடித்தால் எரிபொருள் வீணாகும், ஆபத்தும் கூடும். அதனால் அவற்றைக் கிளம்பும் ஊரிலேயே நிறுத்தி வைக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் 'ஏர் டிராஃபிக் ஃப்ளோ மேனேஜ்மென்ட்'. இந்திய விமான நிலைய ஆணையத்தின் டெல்லி மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

நேரம் எப்படி முடிவாகிறது?

கணக்கு பின்னாலிருந்து தொடங்குகிறது. சென்னையில் 9.30 மணிக்கு இறங்க இடம் இருக்கிறது, பறக்க ஒரு மணி நேரம் ஆகும் என்றால், மதுரையில் 8.30 மணிக்குத்தான் மேலே ஏற வேண்டும். இந்த நேரத்தை 'சிடிஓடி' என்பார்கள். ஐரோப்பாவில் இதற்கு 5 நிமிடம் முன்பும் 10 நிமிடம் பின்பும் மட்டுமே சலுகை. தவறவிட்டால் புது நேரம் வாங்க வேண்டியதுதான்.

மதுரை, திருச்சி ஏன் மாட்டிக்கொள்கின்றன?

தூர தேசத்தில் இருந்து வரும் விமானம் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும். அதை நிறுத்த முடியாது. இன்னும் தரையில் இருக்கும் பக்கத்து ஊர் விமானத்தைத்தான் நிறுத்த முடியும். கிட்டத்தில் இருப்பவர்தான் அதிகம் காத்திருக்க வேண்டி வருகிறது. செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம் இருந்தாலும் பயணிகள் விமானச் சேவை இல்லை. காரைக்குடி, தேவகோட்டை மக்களுக்கு மதுரை அல்லது திருச்சிதான் வழி.

அப்படின்னா எதுக்கு ஏற்றி உட்கார வைக்கிறாங்க?

சென்னையில் நிலைமை சீரானால் கிளம்பும் நேரம் திடீரென முன்னுக்கு வரலாம். அப்போது பயணிகள் காத்திருப்பு அறையில் இருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

பயணிகள் என்ன செய்யலாம்?

* விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டால் ஏற்படும் தாமதத்துக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்கிறது டிஜிசிஏ விதி.

* மதுரை-சென்னை, சென்னை-சிங்கப்பூர் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுத்தால், இணைப்பு விமானம் தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நஷ்டம் பயணிக்குத்தான்.

* தனி டிக்கெட் என்றால் இடையில் சில மணி நேரம் கூடுதலாக விடுங்கள். மழைக்காலத்திலும் போகி அன்றும் முந்தைய நாளே சென்னை போய்விடுவது நல்லது.